ஐந்து ஊருக்கு ஒரே அளவு: கிணற்று மட்டத்தை ரேடியோவில் அனுப்பிப் பார்த்த அனுபவம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குள் ஐந்து ஊர்களிலிருந்தும் அளவு வந்து சேர்ந்துவிட்டது. ஏழு கிணறு, இரண்டு ஊற்று, மொத்தம் ஒன்பது வரி. ஒன்றுகூட விடுபடவில்லை. இப்படி ஒரு காலையைப் பார்க்கப் பதினான்கு மாதம் ஆனது. மறந்துபோவதற்குள் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்கு நாங்கள் தவறவிட்ட இடங்கள்தான் அதிகம் உதவும்.

நிலைமை இது. ஐந்து சிறிய ஊர்கள் ஒரே மலைச்சரிவில் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடைபாதையில் 11 கிலோமீட்டர். கைப்பேசி சிக்னல் ஒரே ஒரு ஊரில்தான் உண்டு. தண்ணீர் எல்லாருக்கும் நிலத்துக்கு அடியில் ஒரே வழியில்தான் வருகிறது. மேல் ஊரில் மோட்டார் அதிகம் ஓடினால் சில நாளில் கீழ் ஊற்று மெலிகிறது. அவரவர் கிணற்றைப் பற்றி அவரவருக்கு அத்துப்படி. பக்கத்து ஊர்க் கிணறு எப்படியிருக்கிறது என்பது மட்டும் யாராவது நடந்து வந்து சொன்னால்தான் தெரியும். அந்தச் செய்தி வந்து சேரும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும்.

முதலில் செய்தது கைப்பேசிப் படிவம். இணையம் இல்லாமலே நிரப்பி, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பும் வகை. கிணற்றின் பெயர், மட்டம், நிறம், மணம், யார் அளந்தது, புகைப்படம் என்று பதினேழு கேள்விகள் வைத்தேன். முதல் வாரம் எல்லாரும் நிரப்பினார்கள், மூன்றாவது வாரம் இரண்டு பேர், ஆறாவது வாரம் நான் மட்டும். கேள்விகள் அதிகம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தை ஒரு அக்கா சொன்னார்: "நாங்க எழுதி அனுப்புறோம், எங்களுக்கு என்ன திரும்பி வருது?" அவர் கேட்டது நியாயம். அளவெல்லாம் என் கணினிக்கு வந்தது. அளந்தவர் கைக்கு எதுவும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு செய்த எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். அனுப்புகிறவர் அதே இடத்தில், அதே நாளில் மற்ற நான்கு ஊரின் அளவையும் பார்க்க முடிய வேண்டும்.

அடுத்தது, ஆட்களே வேண்டாம், சென்சார் அளக்கட்டும் என்ற யோசனை. ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும், தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்றை ஆழம் குறைந்த கிணற்றில், வாயிலிருந்து 40 செ.மீ. கீழே, குறுக்குக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். தண்ணீர் ஏறக்குறைய மூன்றரை மீட்டரில் இருந்தது. சென்சார் 162 செ.மீ. என்றது. மறுநாளும் 162. இரவிலும் 162. மோட்டார் ஓடி முடித்த பிறகும் 162. நான் நிரலில் பிழை தேடி இரண்டு நாள் கழித்தேன். கடைசியில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தபோது, சுவரிலிருந்து ஒரு படிக்கல் கையளவு துருத்திக்கொண்டிருந்தது. நூல் விட்டு அளந்தால் சரியாக அதே ஆழம். இந்த வகைச் சென்சாரின் ஒலி நேர்கோடாக இறங்காமல் அகன்று விரிகிறது. குறுகலான கிணற்றில் தண்ணீருக்கு முன்பு சுவர்தான் பதில் சொல்லும்.

படிக்கல் இல்லாத கிணற்றுக்கு மாற்றினோம். அங்கே வேறு சிக்கல். காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறுகிறது, டிகிரிக்கு நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர். 20 டிகிரியில் 343 மீட்டர் என்றால் 30 டிகிரியில் 349. மூன்றரை மீட்டர் ஆழத்தில் இந்த வித்தியாசம் 6 செ.மீ. அளவுக்குப் பிசகு தரும். அந்தக் கிணறு வறண்ட மாதங்களில் ஒரு வாரத்துக்கு இறங்குவதே 6, 7 செ.மீ.தான். கிணற்றுக்குள் மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்பதால் ஒரே ஒரு வெப்பமானி வைத்தும் சரிசெய்ய முடியவில்லை. தண்ணீருக்குள் இறக்கும் அழுத்த சென்சார் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒன்றின் விலையில் பத்து அளவுநாடா வாங்கலாம். அதோடு காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் அளவு ஒரு சென்டிமீட்டர் மாறும் என்பதால், காற்றுக்குழாய் வைத்த கேபிள் வேண்டும், இல்லாவிட்டால் வெளியே இன்னொரு சென்சார் வேண்டும். ஏழு கிணற்றுக்கு அது கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டோம்.

சரி, கையாலேயே அளப்போம் என்று அளவுநாடாவுக்குத் திரும்பினோம். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். 25 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாயில் 6 செ.மீ. நீளம் வெட்டிக்கொண்டோம். மேல்வாயைத் தகடு வைத்துப் பற்றவைத்து அடைத்தோம், கீழ்வாய் திறந்தபடி. மேலே ஒரு வளையம், வளையத்தில் 30 மீட்டர் நாடா. இது கவிழ்த்த கிண்ணம் மாதிரி. தண்ணீரைத் தொட்டதும் உள்ளே காற்று சிக்கி 'ளொப்' என்று சத்தம் வரும். இருட்டுக் கிணற்றில் எதுவும் தெரியாவிட்டாலும் காதால் அளக்கலாம். இரண்டு விரலால் நாடாவை ஓர் அங்குலம் தூக்கி, மெல்ல இறக்கி, சத்தம் வரும் இடத்தை மூன்று முறை சரிபார்த்தால் அரை செ.மீ.க்குள் நிற்கிறது.

இதிலும் ஒரு தவறு நடந்தது. நாடாவின் பூஜ்யம் வளையத்தில் இருக்கிறது, தண்ணீரைத் தொடுவது 6 செ.மீ. கீழே இருக்கும் குழாயின் வாய். வளையத்தையும் முடிச்சையும் சேர்த்தால் 8 செ.மீ. இரண்டு ஊர்க்காரர்கள் அந்த 8-ஐக் கூட்டினார்கள், மூன்று ஊர்க்காரர்கள் கூட்டவில்லை. ஒரு மாத அளவு குழம்பிப்போயிற்று. பிறகு நாடாவின் முதல் 8 செ.மீ.யை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டினோம். இப்போது குழாயின் வாய்தான் பூஜ்யம், யாரும் எதையும் கூட்ட வேண்டியதில்லை. கணக்கை மனிதர் தலையிலிருந்து கருவிக்குள் தள்ளிவிட்டால் சண்டை குறைகிறது.

ஊற்றுக்கு இவ்வளவு வேலை இல்லை. 10 லிட்டர் வாளி, நிரம்ப எத்தனை நொடி, மூன்று முறை, நடு எண்ணை எடுத்துக்கொள்வது. முதல் நாள் கீழ் ஊற்றில் 46 நொடி, அதாவது நிமிடத்துக்கு 13 லிட்டர்.

அப்புறம் ரேடியோ. லோரா என்கிற குறைந்த மின்சக்தி ரேடியோவை எடுத்துக்கொண்டோம். ஊருக்கு ஒரு கருவி, மலைமுகட்டில் ஒரு ரிலே, அதாவது கேட்டதைத் திரும்ப அனுப்பும் கருவி. மென்பொருள் மெஷ்டாஸ்டிக், செய்தியைக் கருவிக்குக் கருவி கடத்துவது. கைப்பேசியில் புளூடூத் மூலம் பேசும், சிம் அட்டை தேவையில்லை. உரிமம் இல்லாமல் எந்த அலைவரிசையைப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868-ஐ ஒட்டி, வட அமெரிக்காவில் 915-ஐ ஒட்டி. கருவி வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

முதல் சோதனையில் ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. நிரலை மாற்றினேன், சக்தியைக் கூட்டினேன், கம்பத்தை உயர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது நாள் சும்மா ஆண்டெனாவை ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். உறையைக் கழற்றினால் உள்ளே கம்பி 17 செ.மீ. கம்பி அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். 868 மெகாஹெர்ட்ஸுக்கு அது 8.6 செ.மீ.தான் வரவேண்டும், 17 என்பது 433-க்கான நீளம். தவறான ஆண்டெனா பெட்டியில் வந்திருக்கிறது, வெளியே எந்த அச்சும் இல்லை. உறையின் நீளத்தை வைத்துச் சொல்லவும் முடியாது, உள்ளே சுருளாகவும் இருக்கும். ஆகவே கம்பத்தில் ஏற்றும் முன்பு ஒவ்வொன்றையும் ஆண்டெனா சோதிக்கும் மீட்டர் வைத்துச் சோதித்துவிடுங்கள். ஆண்டெனாவை நாங்களே செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம். 2 மி.மீ. செப்புக் கம்பியில் நிமிர்ந்து ஒன்று, சரிந்து கீழ்நோக்கி நான்கு. 8.6-ல் தொடங்கி ஒவ்வொரு மில்லிமீட்டராக வெட்டி 8.2-ல் நிறுத்தினோம். அதே இடத்தில், அதே கருவியில், சிக்னல் மைனஸ் 124 dBm-லிருந்து மைனஸ் 109-க்கு வந்தது, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்.

ரிலேயை எங்கே வைப்பது என்பதிலும் ஏமாந்தேன். முகட்டிலிருந்து நான்கு ஊர்க் கூரைகளும் கண்ணுக்குத் தெரிகிற இடம் ஒன்று இருந்தது. தெரிந்தால் போதும் என்று அங்கேயே கம்பம் நட்டோம். 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர் மட்டும் காற்றடிக்கும் நாளில் வரும், மற்ற நாளில் வராது. ரேடியோ அலைக்குப் பார்வைக்கோடு மட்டும் போதாது, கோட்டைச் சுற்றிலும் மறைப்பில்லாத வெளி வேண்டும். 4 கிலோமீட்டருக்கு நடுவழியில் அந்த வெளியின் ஆரம் 18 மீட்டருக்கு மேல் வருகிறது, அதில் பாதிக்கு மேலாவது மறைப்பில்லாமல் இருந்தால்தான் நம்பலாம். எங்கள் கோட்டுக்கு மூன்று மீட்டர் கீழேயே மர உச்சிகள். மரத்தை வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, தண்ணீருக்காகத்தானே இத்தனையும். கம்பத்தைப் பிடுங்கி முகட்டின் ஓரத்துக்கு, 140 தப்படி தள்ளி நட்டோம். ஒரு நாள் உடல் உழைப்பு. அன்றிலிருந்து அந்த ஊர் தவறியதில்லை.

ரிலேயின் மின்சாரம் தனிக் கதை. முதலில் வைத்த, இஎஸ்பி32 சிப் உள்ள ரேடியோப் பலகை, மல்டிமீட்டரில் சராசரி 100 மில்லிஆம்பியர் இழுத்தது. 18650 வகைப் பேட்டரி இரண்டு சேர்ந்து 5200 மில்லிஆம்பியர் மணி, அதாவது வெயில் இல்லாவிட்டால் 52 மணி நேரம். மழைக்காலத்தில் மூன்றாவது மூட்டமான நாள் ரிலே செத்தது. தண்ணீர் மட்டம் மாறுவதே மழையில்தான், அந்த நேரத்தில் பார்த்து ஊர்கள் ஒன்றுக்கொன்று செவிடாகிவிட்டன. என்ஆர்எஃப்52 சிப் உள்ள பலகைக்கு மாற்றியதும் 12 மில்லிஆம்பியர். அதே பேட்டரியில் கணக்குப்படி 18 நாள். இதை முதலிலேயே செய்திருந்தால் மலை ஏறியிறங்கிய ஐந்து நடை மிச்சம்.

ரேடியோ ஓடத் தொடங்கியதும் செய்தியின் நீளம் இடித்தது. லோராவில் ஒரு பொட்டலம், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் செய்தி, அதிகபட்சம் 255 பைட், அதில் முகவரி போன்றவை போக நமக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'கிணற்றில்' என்ற ஒரே சொல் 27 பைட் எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் கணக்கு. "மேல் கிணற்றில் தண்ணீர் நேற்றைவிட நாலு விரல் இறங்கியிருக்கிறது" என்று எழுதினால் ஒரு பொட்டலத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் அனுப்பச் சொல்ல மனம் வரவில்லை. ஆகவே எண்களை மட்டும் அனுப்பி, வாங்கும் பக்கத்தில் தமிழாக விரிப்பது என்று வைத்தோம். '3 2 742 1' என்றால் மூன்றாவது ஊர், இரண்டாவது கிணறு, 7 மீட்டர் 42 செ.மீ. ஆழம், தெளிவு. ஒன்பது பைட். வாங்கும் கருவியோடு கட்டிய சிறிய திரையில் அது முழுத் தமிழ் வாக்கியமாக, முந்தின வார அளவோடு சேர்ந்து தெரியும். கடைசி எண்ணில் 1 தெளிவு, 2 கலங்கல், 3 மணம். இந்த மூன்று போதும் என்று நினைத்தோம். நான்காவது ஒன்று எவ்வளவு அவசியம் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு வியாழக்கிழமை, நான்காவது ஊரின் முதல் கிணறு ஒரே நாளில் 11 செ.மீ. இறங்கியதாக அளவு வந்தது. அந்த மாதத்தில் அப்படி இறங்க வாய்ப்பே இல்லை. மேல் ஊர்க்காரர்கள் உடனே மோட்டாரை நிறுத்தினார்கள். நல்ல மனதோடு நிறுத்தினார்கள், அன்று அவர்களுடைய நாற்றங்காலுக்குத் தண்ணீர் போகவில்லை. கீழ் ஊரிலிருந்து இரண்டு பேர் நடந்தே போய்ப் பார்த்தார்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவர் முந்தின நாள்தான் செப்பனிடப்பட்டிருந்தது. மேலே ஒரு வரிசை செங்கல்லும் பூச்சும், சரியாக 11 செ.மீ. தண்ணீர் அசையவே இல்லை. அளக்கத் தொடங்கும் இடம் உயர்ந்துவிட்டது.

அன்று மாலையே ஐந்து ஊருக்கும் பெயின்ட் டப்பாவோடு கிளம்பினோம். சுவரின் விளிம்பிலிருந்து அளப்பதை விட்டோம். ஒவ்வொரு கிணற்றிலும் உட்புறச் சுவரில், யாரும் பூசிவிட முடியாத கல்லில், சிவப்பில் ஒரு கோடு. கோட்டின் மேல் ஓரம்தான் தொடக்கம், கோட்டின் நடு அல்ல. அந்தக் கோட்டைக் கையில் தொட்டுக் காட்டிப் படம் எடுத்து எல்லா ஊருக்கும் கொடுத்தோம். பழைய அளவுகளைப் புதிய குறிக்கு மாற்றும் கழித்தல் எண்ணைக் கிணற்றுக்கு ஒன்றாக எழுதி வைத்தோம். செய்தியில் 9 என்ற எண்ணையும் சேர்த்தோம்: "குறி மாறியிருக்கிறது, ஒப்பிட வேண்டாம்." அளக்கும் நேரமும் ஒன்றாக்கினோம், காலையில் முதல் மோட்டார் ஓடுவதற்கு முன். ரேடியோவுக்குச் செலவழித்த எட்டு மாதத்தைவிட அந்த ஒரு பெயின்ட் டப்பாதான் ஐந்து ஊரின் அளவையும் ஒன்றோடு ஒன்று பேச வைத்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

எண் போனால் போதுமா என்றால் போதாது. "இந்த ஊற்றில் நுரை தெரிந்தால் பத்து நாளில் மழை", "இந்தப் பக்கம் வாய்க்காலில் மண் கிடந்தால் கீழே அடைக்கும்" என்பதெல்லாம் எண்ணில் அடங்காது, சொல்கிறவர் குரலில்தான் வர வேண்டும். குரலை லோராவில் அனுப்பலாமா என்று கணக்குப் போட்டேன். ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் சுருக்கினாலும் ஒரு நிமிடப் பேச்சு 120 கிலோபைட், எங்கள் வேகத்தில் கால் மணி நேரத்துக்கு வானலை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே குரலை நடந்து போகிறவர் பையில் ஏற்றினோம். ஊருக்கு ஒரு பெட்டி. உள்ளே ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 என்ற சிறிய கணினிப் பலகை, அதில் ஒலிவாங்கி, பெரிய பொத்தான் ஒன்று. ஆறாவது பெட்டி நடமாடும் பெட்டி. பவர்பேங்கோடு பையில் போகும், ஊருக்கு வந்ததும் இரண்டும் கோப்புகளை ஒப்பிட்டு இல்லாததை மட்டும் மாற்றிக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு சுற்று.

முதல் சுற்றிலேயே வரிசை குலைந்தது. இந்தப் பலகையில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. இணையம் இல்லாவிட்டால் அணைத்த நேரத்திலிருந்தே தொடரும். கோடையில் சொன்ன "ஊற்று வற்றப் பார்க்கிறது" என்ற எச்சரிக்கை, பெட்டியின் கணக்கில் பனிக்காலத்துக்குப் போய்விட்டது. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப்பை நாலு கம்பி சாலிடர் செய்து சேர்த்தோம், நாணய பேட்டரியில் ஓடும். வருடத்துக்கு ஒரு நிமிடம் பிசகினாலே அதிகம். மின்சாரம் திடீரென்று போய் மெமரி கார்டு கெட்டதும் இருமுறை நடந்தது. இயங்குதளத்தை எழுத முடியாதபடி பூட்டி, குரலுக்கு மட்டும் தனி இடம் ஒதுக்கியதும் நின்றது.

இங்கே நடந்த ஒரு தவறுக்காக இப்போதும் வருந்துகிறேன். ஒரு பாட்டி, தங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு பாறைச் சுனையைப் பற்றி ஏழு நிமிடம் பேசியிருந்தார். எந்தப் பஞ்சத்திலும் வற்றாதது, எப்படி மூடி வைக்க வேண்டும், எத்தனை குடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்றெல்லாம். பேத்தி கேட்க வேண்டும் என்று பேசியது. பெட்டி அதை வழக்கம்போல ஐந்து ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த வாரம் வேற்றூர் இளைஞர் இருவர் வழி கேட்டு வந்து நின்றார்கள். பாட்டி என்னிடம் கோபப்படவில்லை. "நான் உன்னிடம் சொன்னேன், ஊருக்குச் சொல்லலையே" என்றார். அன்றே ஐந்து ஊரும் நடந்து, எல்லாப் பெட்டியிலிருந்தும் அழித்து, கேட்டவர்களிடமும் பேசிவிட்டு வந்தோம்.

ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கில் வருமுங்கு மக்களோடு உருவான முகுர்ட்டு என்ற மென்பொருளில், எந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே தீர்மானிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்திருந்தும் முதலில் எனக்கு உறைக்கவில்லை. இப்போது எங்கள் பெட்டியில் மூன்று பொத்தான்கள். பச்சை, எல்லா ஊருக்கும். மஞ்சள், எங்கள் ஊருக்கு மட்டும். சிவப்பு, பேசியதை அழித்துவிடு. எதையும் அழுத்தாவிட்டால் மஞ்சள். பேசி முடித்ததும் பெட்டி அதைத் திரும்பப் போட்டுக் காட்டும், கேட்ட பிறகுதான் பொத்தான் விளக்கு எரியும். இந்த மாற்றத்துக்குப் பிறகு பச்சையில் வரும் பதிவுகள் குறையும் என்று நினைத்தேன், கூடியிருக்கின்றன.

செலவைச் சொன்னால், மொத்தத்தில் பாதி கம்பம், கம்பி, பேட்டரி, சோலார் தகடு என்று போயிற்று. ரேடியோக் கருவிகள் கால் பங்குக்கும் குறைவு. எறிந்த சென்சார்களும் தவறான ஆண்டெனாக்களும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. நாடாவும் குழாயும் பெயின்ட்டும் எல்லாம் சேர்த்து நூற்றில் இரண்டு.

மறுபடி தொடங்கினால் பெயின்ட்டிலிருந்து தொடங்குவேன். முதல் மூன்று மாதம் நாடாவும் நோட்டும் மட்டும், வாரம் ஒருமுறை யாராவது நடந்து போய் ஐந்து நோட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. எந்தக் கிணறு எதோடு சேர்ந்து இறங்குகிறது என்று அதிலேயே தெரிந்திருக்கும், ரேடியோ எதை விரைவாகச் சொல்ல வேண்டும் என்பதும் அப்போது தெளிவாக இருந்திருக்கும். ரிலே கம்பத்தில் பேட்டரிப் பெட்டியைத் தரையிலிருந்து கைக்கெட்டும் உயரத்தில் வைப்பேன், இப்போது ஏணி இல்லாமல் முடியவில்லை. பெட்டியின் ஓட்டைகளை எறும்பு புகாதபடி அடைக்க முதல் நாளே சிலிகான் போட வேண்டும், இரண்டாவது மாதம் இணைப்பியின் மேலேயே கூடு கட்டியிருந்தது.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. ஐந்தாவது ஊரின் திரை வெயிலில் வெளிறிவிட்டது, எழுத்து தெரியவில்லை. அங்கே அளக்கும் பெரியவர் இப்போது மற்ற ஊர் அளவுகளைப் பள்ளிக்கூடச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைக்கிறார், நிழலுக்கு ஒதுங்குகிற எல்லாரும் படிக்கிறார்கள். புதிய திரை வந்துவிட்டது, ஆனாலும் அந்தச் சுவரை அப்படியே விட்டுவிட்டு, திரையை அதன் பக்கத்தில் நிழலில் மாட்டப் போகிறோம்.